கல்வெட்டு வைக்க முடியாததை யாராவது கேட்பீர்களா?

எங்கள் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் பேசிய வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "தொகுதியின் குரல்", "கர்ஜித்த சிங்கம்" என்று வாழ்த்து மேல் வாழ்த்து. பின்னணியில் பாட்டு வேறு. பேசியது மூன்று விஷயம். நான்குவழிச் சாலையிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் மேம்பாலம் வேண்டும், தொகுதிக்கு வீடுகள் கூடுதலாக ஒதுக்க வேண்டும், புதிதாக ஓர் ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) வேண்டும். அமைச்சர் எழுந்து, நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்றார். இவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இதற்கா சிங்கம்?

கட்சிச் சண்டைக்கு யாரும் வர வேண்டாம். இவருக்கு முன்னால் இருந்தவர் வேறு கட்சி. அவரும் இதே மேம்பாலத்தைத்தான் கேட்டார், இதே பதிலைத்தான் வாங்கினார், ஊரெல்லாம் இதே மாதிரி போஸ்டர் ஒட்டினார்கள். ஆள் மாறியது, பசை மாறவில்லை.

கேட்ட மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றுமே கல்வெட்டு வைக்கிற சங்கதி. ரிப்பன் வெட்டலாம், பெயர் பொறிக்கலாம். விலக்கில் ஆள் சாகாமல் இருக்க என்ன வேண்டும் என்று அங்கே டீக்கடை வைத்திருக்கிறவரைக் கேட்டால் அவர் மேம்பாலத்தைச் சொல்ல மாட்டார். அரளிச் செடியை வெட்டச் சொல்வார். நடுத்திட்டில் வளர்த்த அரளி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. குறுக்கே திரும்புகிற டூவீலர்காரருக்கு எதிரே வருகிற லாரி தெரிவதே இல்லை. லாரிக்காரருக்கும் இவரைத் தெரியாது. ராத்திரியில் விளக்கு கிடையாது. அடுத்த யூ-டர்ன் எங்கேயோ இருப்பதால் பாதிப் பேர் எதிர்த்திசையில் ஓட்டி வருகிறார்கள். டவுன் பஸ் ஓடுபாதையிலேயே நின்று ஆளை இறக்குகிறது. செடியை வெட்டுவது அரை நாள் வேலை. விளக்கு, எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் பட்டை எல்லாம் சேர்த்தாலும் மேம்பாலச் செலவில் தூசி. ஆனால் "இவ்விடத்து அரளிச் செடிகள் மாண்புமிகு உறுப்பினரின் முயற்சியால் வெட்டப்பட்டன" என்று கல் நட முடியாதே!

மேம்பாலம் என்றால் சும்மாவா? திட்ட அறிக்கை, நில எடுப்பு, டெண்டர், அப்புறம் டெண்டர் மேல் வழக்கு. அதுவரைக்கும் விலக்கில் என்ன செய்வது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்பதா? 2022-ல் நாட்டிலேயே அதிகமாகச் சாலை விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். ஒரு நாளைக்கு 49 பேர். அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அடிபட்ட பிறகு. அடிபடுவதற்கு முன்னால் யார் பொறுப்பு?

கேட்டால் பந்தை உருட்டுகிறார்கள். நான்குவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, ஊருக்குள் வரும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, அதிலிருந்து பிரிவது ஒன்றியச் சாலை. இந்த மூன்றும் சேருகிற இடத்தில் கிடக்கிற பள்ளம் யாருடையது? பதில் சொல்ல ஆளில்லை. 'விபத்துக் கரும்புள்ளி' என்று ஒரு கணக்கு இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், சாவோ படுகாயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் செத்திருக்க வேண்டும். அதாவது பிணக்கணக்கு தேறினால்தான் இடம் தேறும். சரி, அந்தக் கணக்கையாவது நம் எம்.எல்.ஏ. எடுத்தாரா? எஃப்.ஐ.ஆர். விவரங்களைத் தொகுத்துக்கொண்டு, கலெக்டர் தலைமையில் நடக்கிற மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் போய் மேஜையைத் தட்டினாரா? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. சாலையை உரிய தரத்தில் வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் ஆள் செத்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் 1 லட்ச ரூபாய் வரை அபராதம். நம் விலக்கில் அதை ஒரு தடவையாவது போட்டிருக்கிறார்களா? இப்படி ஒரு கேள்வி கேட்டால் பேரவையே நிமிர்ந்து உட்காராதா?

வேகத்தடை கதையைச் சொல்லாமல் விட முடியாது. சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் தார் கொட்டிப் போட்டது ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. கர்ப்பிணிகளை ஏற்றிவரும் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தில் சாமி கும்பிடுகிறார்கள்.

அடுத்தது வீடு. 'கலைஞரின் கனவு இல்லம்' 2024-ல் அறிவித்தபோது சொன்னது, 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய், 360 சதுர அடி. சந்தோஷம். இவர் போய் ஒதுக்கீட்டைக் கூட்டுங்கள் என்கிறார். கூட்டிக் கொடுத்தால் எங்கள் கண்மாய்க் கரையில் தார்ப்பாய் போட்டுக் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு செங்கல் வருமா? வராது. வீடு கட்ட சொந்த இடம் வேண்டும், கையில் பட்டா வேண்டும். அவர்கள் இருப்பது நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது கண்மாய்க்கான அரசு நிலம். அதற்குப் பட்டா கொடுக்க முடியாது, நீதிமன்றமும் விடாது. மழை வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போ, மழை விட்டால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வாங்கு. அவர்களுக்கு வேண்டியது மாற்று இடத்தில் மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டா. அதைக் கேட்க வேண்டியது வருவாய்த் துறை அமைச்சரிடம். நம்மவர் வீட்டுக்குக் கேட்டார், மனைக்குக் கேட்கவில்லை.

பட்டா இருக்கிறவன் பாடு மட்டும் என்ன? அண்ணன் தம்பி பெயரில் கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்ய சர்வேயர் வர வேண்டும். அவர் பக்கத்து பிர்க்காவையும் (வருவாய்த் துறையின் உட்பிரிவு, பல கிராமங்கள் சேர்ந்தது) சேர்த்துப் பார்க்கிறாராம், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்து ஆணை வந்தாலும் பணம் கட்டங்கட்டமாகத்தான் வரும். அஸ்திவாரம் போட்டுக் காட்டினால்தான் முதல் பில். தினக்கூலிக்குப் போகிறவன் ஜல்லிக்கும் கம்பிக்கும் முதலில் யாரிடம் கை நீட்டுவான்? வட்டிக்காரரிடம்தான். வீடு முடிவதற்குள் மூன்றரை லட்சத்தில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. முதல் தவணையை முன்பணமாகக் கொடுங்கள் என்று ஒரே ஒரு வரி பேசியிருக்கலாமே ஐயா?

ஐ.டி.ஐ. விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், பொறுமை போய்விட்டது. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தார்கள். ரோபோ, கம்ப்யூட்டர் இயக்குகிற சி.என்.சி. இயந்திரம் எல்லாம் வந்திருக்கிறது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஒரு ஐ.டி.ஐ. இருக்கும்போது புதிதாக இன்னொரு கட்டடம் எதற்கு? எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே சேர்ந்து பாதியில் நிற்பதற்குக் காரணம் சாயங்கால பஸ். வகுப்பு முடிவதற்கு முன்னாலேயே அது போய்விடுகிறது. பெண் பிள்ளையை இருட்டில் விலக்கில் இறங்கி நடந்து வரச் சொல்லி எந்த வீட்டில் விடுவார்கள்? அந்த விலக்கைத்தான் மேலே பார்த்தோமே. படித்து முடித்தவனுக்கு அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) இடம் கிடைப்பதில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நம் தொகுதி மில்களில் எத்தனை அப்படி எடுக்கின்றன? இதைக் கேட்டால் மில் முதலாளிகளுக்குக் கோபம் வரும். தேர்தல் நேரத்தில் அவர்கள் தயவு வேண்டும். கட்டடம் கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குறுதிகள் என்ன ஆயின என்று பார்ப்பதுதான் அதன் வேலை. மாவட்டம் மாவட்டமாக வந்து ஆய்வும் செய்கிறது. அடுத்த தடவை நம் மாவட்டத்துக்கு வரும்போது நம்மவர் சால்வையோடு போய் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டாம். இவருக்கும் இவருக்கு முன்னால் இருந்தவருக்கும் கிடைத்த "பரிசீலிக்கப்படும்" அத்தனையையும் நகலெடுத்துக்கொண்டு போகட்டும். நேரமில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், ஜெராக்ஸ் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.