சூர்யா வேணுமா, ஜோதி வேணுமா?

(வேலூர் விருதம்பட்டில் ஒரு சின்ன நர்சரி. ஐப்பசி மூன்றாவது வாரம். ராத்திரி பெய்த மழையில் தரையெல்லாம் சேறு. சரோஜா சாக்கை விரித்து விதைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். சத்துவாச்சாரி கோபால் செருப்பைக் கையில் பிடித்தபடி வருகிறார்.)

கோபால்: அக்கா, உருளக்கெழங்கு வெத கீதா?

சரோஜா: கீது. எந்த ரகம்?

கோபால்: வேல இல்லாத ரகம்.

சரோஜா: அது வெதையா வராது நைனா. மண்டியில கிலோ கணக்குல வரும். வாங்கினு போயி பொரியல் பண்ணு.

கோபால்: கிண்டல் பண்ணாதக்கா. பொங்கலுக்கு மாமியா வருது. தளி பக்கம் அவங்களுக்கு ரெண்டு ஏக்கர்ல உருள. "எங்க மாப்ள கையில கறிவேப்பில கூட தழைக்காது"ன்னு ஊர் பூரா சொல்லிகினு கீது. மாடியில நாலு பை வெச்சி, அது கண்ணெதிர்லயே நோண்டி எடுத்துக் காட்டணும்.

சரோஜா: பொங்கலுக்கா... அது அப்பால பேசலாம். மொதல்ல ரகத்தப் பாரு. ஒவ்வொரு கூடையிலயும் சீட்டு கீது.

கோபால்: (படிக்கிறார்) குப்ரி சூர்யா, குப்ரி ஜோதி, குப்ரி லவ்கார், குப்ரி புக்ராஜ்... இன்னாக்கா எல்லாத்துக்கும் ஒரே இனிஷியல்? பங்காளிங்களா?

சரோஜா: குப்ரின்றது ஊரு. சிம்லா பக்கத்துல மலை. உருளக்கின்னே மத்திய ஆராய்ச்சி நிலையம் சிம்லாவுல கீது. அவங்க உடற ரகத்துக்கு அந்த ஊரு பேர முன்னாடி போட்டுடுவாங்க. நாம இலவம்பாடி கத்திரிக்கான்னு சொல்றோம்ல, அது மாதிரி.

கோபால்: சூர்யாவையும் ஜோதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிகீறியே, நல்ல ஜோடி.

சரோஜா: ஜோடியெல்லாம் சினிமாவுல. நம்ம வெயிலுக்கு ஜோதி ஒத்து வராது. அது 1968ல வந்தது, மலக்குளுருல நல்லா வரும். சூர்யா 2006ல, சூடு தாங்கணும்னே பண்ண ரகம். தத்துப்பூச்சி உறிஞ்சி எல ஓரமெல்லாம் கருகிப் போவுமே, அதுவும் இதுக்குக் கம்மி.

கோபால்: தங்கம், முத்துன்னுலாம் ரகம் கீதாமே? பேரே ராசியா கீது.

சரோஜா: முத்து நீலகிரிக்குன்னு வந்தது. இங்க வெச்சா பேரு மட்டுந்தான் மிஞ்சும்.

கோபால்: அப்ப ஊட்டியிலர்ந்து நேரா வெத வாங்கியாந்துட்டா?

சரோஜா: ஊட்டி கெழங்கு தின்றதுக்கு வாங்கு, வெதைக்கு வேணாம். 1961ல நீலகிரியில முட்டைக்கூடு நூற்புழுன்னு ஒன்னு கண்டுபிடிச்சாங்க. வேர்ல குண்டூசித் தலையாட்டம் ஒட்டிகினு கெடக்கும். மண்ணுல உழுந்துச்சின்னா உருளயே இல்லன்னாலும் வருஷக்கணக்கா உசுரோட காத்துகினு கெடக்கும். அதான் அங்கத்தி வெதக்கெழங்க மலைய உட்டு எறக்கக் கூடாதுன்னு வெச்சிகீறாங்க.

கோபால்: அவ்ளோ பொறுமையா? எனுக்கு இல்லியே. சரி, வீட்ல கூடையில நாலு கெழங்கு கெடக்குது. அத நட்டா?

சரோஜா: குளிர்பதனக் கெடங்குலர்ந்து வந்ததா இருந்தா முளைக்காம இருக்க மருந்து காட்டியிருப்பாங்க. மாசக்கணக்கா மண்ணுல கெடந்து அழுவும். முளைச்சாலும் உள்ள வைரஸ் கீதா இல்லியான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல சுருட்டிகினு நிக்கறப்பதான் தெரியும்.

கோபால்: இந்த லவ்கார்?

சரோஜா: மராத்தியில லவ்கர்னா "சீக்கிரம்"னு அர்த்தம். மகாராஷ்டிரா மேட்டு நிலத்துக்கு வந்த ரகம். சட்டுனு கெழங்கு புடிக்கும், சூடும் கொஞ்சம் தாங்கும். சூர்யா கெடைக்கலன்னா நான் இதத்தான் குடுப்பேன். புக்ராஜ் வடக்க பனியில வெளைச்சலக் கொட்டும், இங்க வேணாம்.

கோபால்: அப்ப சூர்யா வாங்கினா வேல முடிஞ்சிதா?

சரோஜா: ரகம் பாதிதான். மீதி தேதியில கீது. உருளக்கிப் பகல் வெயிலு கூட பரவால்ல, ராத்திரி குளுரணும். அப்பதான் எல சேத்து வெச்ச மாவு கீழ எறங்கி கெழங்காவும். ராத்திரி 20 டிகிரிக்கு மேலயே நின்னா செடி அதெல்லாம் எலைக்கும் தண்டுக்குமே செலவு பண்ணிடும். மேல காடு மாதிரி நிக்கும். நோண்டினா வெறும் வேரு.

கோபால்: எங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரி.

சரோஜா: சூர்யா அதுக்கு மேல கொஞ்சம் தாங்கும், அவ்ளோதான். சித்திரையில வெச்சா அதுவும் கைய விரிச்சிடும். வேலூர்ல குளுரு எப்ப? மார்கழி, தையில கொஞ்சம். நட்டு ஒரு மாசத்துல கெழங்கு புடிக்க ஆரம்பிக்கும். அந்த நேரம் மார்கழியில உழணும்னா எப்ப நடணும்?

கோபால்: (விரல் விட்டு) கார்த்திகை மொத வாரம்.

சரோஜா: மழையும் அப்பதான் கொஞ்சம் வாங்கும். இப்ப நட்டா வெதையே அழுவிடும்.

கோபால்: நடறதுக்கு இன்னாக்கா வேல? குனியாம சொல்லு, முதுகு புடிச்சிக்கும்.

சரோஜா: 15க்கு 15 இஞ்சி பை. ஒரு பைக்கு ரெண்டு வெத, மூணு வெச்சா மூணும் இளைச்சிடும். ரெண்டு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு மக்குன எரு, ஒரு பங்கு தேங்காநார்க் கழிவு. பச்ச சாணி வேணாம், சாம்பலும் வேணாம். ரெண்டுக்கும் கெழங்குத் தோல்ல சொறி வரும்.

கோபால்: எங்கம்மா எல்லாத்துக்கும் சாம்பல்னுதான் சொல்லும்.

சரோஜா: அவரைக்குப் போடச் சொல்லு. அப்புறம் அந்த மண்ணுல இதுக்கு முன்னாடி தக்காளி, கத்திரி, மொளகா வெச்சிருந்தியா?

கோபால்: நாலு பையும் தக்காளி வெச்சிருந்ததுதான். திடீர்னு வாடிச் செத்துடுச்சி. அந்த மண்ணு சும்மாதான் கெடக்குது.

சரோஜா: அய்யய்யோ! எல்லாம் ஒரே குடும்பம்யா. தக்காளிய வாட்டுன பாக்டீரியா அங்கயே குந்திகினு இருக்கும், உருளயையும் வாட்டும். அந்த மண்ணக் கீரைக்கு உட்டுட்டு புது மண்ணு போடு.

கோபால்: வேல இல்லாத ரகம் கேட்டேன், மண்ணு சொமக்க வெக்கிற.

சரோஜா: இதுல ஒரு வேல மிச்சம். முட்ட சைசுல, நாப்பது அம்பது கிராம் கெழங்கா முழுசா தரேன். வெட்ட வேணாம், காய வெக்க வேணாம். வெட்டுனாதான் ஈரத்துல அழுவற தொல்ல. இப்ப வாங்கினு போயி வெளிச்சம் வர்ற நெழல்ல, முட்ட அட்டையில கண்ணு மேல பாக்க அடுக்கி வை. ரெண்டு வாரத்துல கட்ட முளை வரும். இருட்டுல வெச்சா வெளுப்பா நூலு மாதிரி நீண்டு, தொட்டா ஒடியும்.

கோபால்: கெழங்க அடுக்கி வெக்கறது வேலயா? பாத்துகினே படுத்துக்கலாம்.

சரோஜா: பைய பாதிக்கு மட்டும் ரொப்பு. நாலு விரல்கட ஆழத்துல வெத. செடி ஒரு சாண் வந்ததும் பாதித் தண்டு மறையற அளவுக்கு மண்ணு அணை. அப்பால ரெண்டு வாரம் கழிச்சி இன்னொரு தடவ.

கோபால்: ஆறடி டிரம்முல அடுக்கடுக்கா மண்ணு கொட்டினா மேல வரைக்கும் கெழங்கா வருமாமே? வீடியோவுல பாத்தேன்.

சரோஜா: வீடியோவுல வரும். இந்தக் குறுகிய கால ரகமெல்லாம் வெதைக்கு மேல ஒரு சாண் உசரத்துலயே கெழங்கு வெச்சி முடிச்சிடும். மீதி அஞ்சடியும் உனக்கு மண்ணு செலவு. அணைக்கிறது எதுக்குன்னா, வெயிலு பட்ட கெழங்கு பச்சையாயிடும். அது வெஷம், கசக்கும். தோல சீவிட்டா போச்சின்னு குழம்புல போடாத.

கோபால்: தண்ணி?

சரோஜா: விரல ரெண்டு இஞ்சி உள்ள உடு. காஞ்சிருந்தா ஊத்து, ஈரமா இருந்தா போயிடு. நாலு நாள் மறந்துட்டு அஞ்சாம் நாள் குடம் குடமா ஊத்தினா கெழங்கு வெடிக்கும், இல்ல இஞ்சி மாதிரி கொம்பு கொம்பா வளரும். பை அடியில ஓட்ட, ஓட்டைக்கு அடியில ரெண்டு செங்கல். மாடித் தரை சூடும் ஏறாது, தண்ணியும் நிக்காது. மேல வைக்கோல் பரப்பு.

கோபால்: மருந்து?

சரோஜா: வாரத்துக்கு ஒரு தடவ எலையத் திருப்பிப் பாரு. அசுவினிப் பூச்சி இருந்தா லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ண, சோப்புக் கரைசல் ரெண்டு சொட்டு, சாயங்காலமா அடி. யூரியா கைல தொடாத. அவ்ளோதான்.

கோபால்: இவ்ளோ பண்ணா எவ்ளோக்கா வரும்?

சரோஜா: நல்லா வந்தா செடிக்கு முந்நூறு நானூறு கிராம். நாலு பைக்கு ரெண்டரை கிலோன்னு வெச்சிக்கோ.

கோபால்: (நீண்ட மௌனம்) ரெண்டரை கிலோவா?

சரோஜா: மாமியாக்கு மூணு நாள் பொரியல்.

கோபால்: சரி, எட்டு வெத போடு. பொங்கலுக்கு ரெடி ஆயிடும்ல?

சரோஜா: கார்த்திகை மொத வாரத்துலர்ந்து பொங்கல் வரைக்கும் எண்ணு. அம்பத்தேழு நாள். நெல்லிக்காயும் எலுமிச்சம்பழமுமா இருக்கும். இதுக்குத் தொண்ணூறு நாள், மாசி மொத வாரம். எல மஞ்சளானதும் தண்ணிய நிறுத்திட்டு, தண்ட அறுத்துட்டு, பத்து நாள் அப்பிடியே மண்ணுல உட்டாதான் தோலு முத்தும்.

கோபால்: அப்ப பொங்கலுக்கு மொத நாள் ராத்திரி மண்டியில ரெண்டு கிலோ வாங்கி பையில புதைச்சிடறேன்.

சரோஜா: உருள போட்ட கையி உங்க மாமியா கையி. கட்ட வெரலால ஒரு தேய் தேய்க்கும். அம்பத்தேழு நாள் கெழங்குன்னா தோலு உரிஞ்சிகினு வரணும், மண்டி கெழங்குக்கு வராது. செடி எங்கடான்னு கேட்டா இன்னா சொல்லுவ?

கோபால்: அப்ப ஒரே வழிதான். (போன் எடுக்கிறார்) அலோ, அத்த... நல்லா கீறேன் அத்த. மாடியில உருள வெக்கலாம்னு... சூர்யா அத்த... கார்த்திகை மொத வாரம்... ஆமா புது மண்ணுதான்... நீங்க பொங்கலுக்குப் பதிலா மாசியில வந்தீங்கன்னா... ம்... ம்... எதுக்கு அத்த செரமம்... ம்... சரி அத்த. (போனை வைக்கிறார்)

சரோஜா: இன்னாவாம்?

கோபால்: கார்த்திகை ஒன்னாந் தேதியே கெளம்பி வருதாம். "நீ கைய வெக்காத, நானே நட்டு, மண்ணு அணைச்சி, மாசியில நோண்டிக் குடுத்துட்டுதான் போவேன்"னு சொல்லுது.

சரோஜா: வேல இல்லாத ரகம் கேட்டியே நைனா. வந்துகினு கீது. எட்டு போதுமா, இன்னும் நாலு போடவா?