முதலில் வெண்ணெய் எத்தனை கிராம், அதைச் சொல்லுங்கள்

சமையல் வீடியோ போடுகிறவருக்கு ஒரே ஒரு வேலைதான், அளவு சொல்வது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்கிறார்கள்.

நேற்று மாட்டியது புரானோ பிஸ்கட். வெனிஸ் பக்கத்துத் தீவில் செய்வார்களே, மஞ்சள் கருவாகக் கொட்டி, எஸ் எழுத்து மாதிரி வளைத்து, அதேதான். 'அசாசின்ஸ் கிரீட் 2' வீடியோ கேம் விளையாடிய வேகத்தில் செய்ததாம். ஆள் வெள்ளை அங்கியும் முக்காடுமாக வந்து நிற்கிறார், இடுப்பில் அட்டைக் கத்தி. ஆரம்பத்திலிருந்து கேமின் நாயகன் எட்சியோவின் குடும்பக் கதை ஓடுகிறது. அண்ணா, விளையாடினவன்தானே இதைத் தேடிக்கொண்டு வருவான்? எட்சியோவின் அப்பாவைத் தூக்கில் போட்டது எங்களுக்குத் தெரியாதா? வெண்ணெய் எவ்வளவு?

சரி, ஒரு வழியாக வெண்ணெய் வந்தது. கையில் ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டி "இவ்வளவு" என்றார். எவ்வளவு? பின்னால் ஓட்டினேன். விளம்பரம். மறுபடி அந்தக் கை, அந்தக் கட்டி, "இவ்வளவு". நிறுத்தி வைத்து, கட்டியை அவர் கட்டைவிரலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் எத்தனை அங்குலம் என்று நான் எங்கே போய்க் கேட்பது? உறையில் எடை அச்சடித்திருக்குமே என்று படத்தைப் பெரிதாக்கினால், சரியாக அந்த இடத்தில் சப்ஸ்கிரைப் மணி வந்து ஆடுகிறது. இன்னும் கொஞ்சம் பின்னால். மறுபடி விளம்பரம். இந்தத் தடவை மணி வருவதற்கு முன்னால் பிடித்துவிடலாம் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிடித்தும்விட்டேன். உறையின் பின்பக்கம் தெரிந்தது. "இவ்வளவு"! அடுத்த காட்சியில் மாவு பிசைந்து, உருட்டி, தயார். இவர் சோபா மேலிருந்து மெத்தையில் குதித்துக்கொண்டிருக்கிறார். எட்சியோ மாதிரி வைக்கோல் வண்டியில் குதிப்பதாம். கீழே விவரத்தில் பார்த்தால் கேமரா வாங்க இணைப்பு, முக்காடு வாங்க இணைப்பு.

அப்புறம் தேடிப் பிடித்தேன். பொதுவாகப் போடுகிற கணக்கு 500 கிராம் மைதாவுக்கு 300 சர்க்கரை, 150 வெண்ணெய், ஆறு மஞ்சள் கரு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கலாம். ஆனால் அதற்குள் "இவ்வளவு" வெண்ணெய் போட்ட என் எஸ் எல்லாம் ஓவனில் உருகிப் பரவி எட்டாகிவிட்டன.

இதற்குத் தலைப்பு வேறு, 'அசல் 15-ஆம் நூற்றாண்டு முறை'. உள்ளே வெனிலாவும் பேக்கிங் பவுடரும். கேமின் கதை 1476-இல் தொடங்கி 1499-இல் முடிகிறது. வெனிலா மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதே அதற்குப் பிறகுதான். பேக்கிங் பவுடர் 19-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். இன்றைக்கு வெனிலா போடுகிறார்கள், போடட்டும், நன்றாகத்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய் எட்சியோ தலையில் ஏன் கட்ட வேண்டும்? அடிபட்டால் மருத்துவரிடம் வாங்கிய மருந்தைக் குடிப்பானே தவிர, அவன் ஒரு பிஸ்கட்டைக் கடித்து நான் பார்த்ததில்லை. அவன் கூரை கூரையாகத் தாவுகிற வெனிஸில் புரானோவே கிடையாது!

மீன்பிடிக்கப் போகும் கணவர்களுக்குப் பெண்கள் கட்டிக்கொடுத்த பண்டம் என்பார்கள். நாள்பட இருந்தாலும் கெடாதாம். அந்தப் பெண்கள் ஒருத்தியும் இதைச் செய்வதற்குச் சோபா மேல் ஏறியிருக்க மாட்டாள்.

தட்டைப் பார்த்த அப்பா, "முறுக்கு ஏன் இனிக்குது?" என்று கேட்டுக்கொண்டே நாலைந்தை உள்ளே தள்ளினார். அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். மிச்சமிருக்கும் ஆறு வெள்ளைக் கருவுக்கு ஆம்லெட் என்று மட்டும் யாரும் யோசனை சொல்லாதீர்கள், மூன்று வேளையும் அதுதான் ஓடுகிறது.