டெக்சாஸ் பள்ளி மாவட்டங்கள் கேட்கும் சுதந்திரம் யாருக்கானது?

டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு; அதன் தலைமையில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் இருக்கும். "எங்கள் பள்ளியை எப்படி நடத்துவது என்று மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்ல வேண்டாம்" என்று அவற்றின் நிர்வாகிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் குறையில் பாதி நியாயம் என்று நான் நினைக்கிறேன். மற்றப் பாதியைப் பற்றித்தான் இங்கே பெற்றோர் அதிகம் பேசுவதில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாவட்டம் தனக்கென ஒரு சாசனம் எழுதிக்கொண்டு பெரும்பாலான மாநில விதிகளிலிருந்து விலகலாம் என்றது. ஆனால் அதற்கான தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களில் 25 சதவீதத்தினராவது வாக்களித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. பள்ளி வாரியத் தேர்தல்களில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்று அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு உயரமான சுவர் என்பது புரியும். டாலஸில் 2014இல் இதற்கு ஒரு முயற்சி நடந்தது. அதற்காக அமைக்கப்பட்ட குழுவே, சாசனம் எழுத வேண்டாம் என்று 2015 ஜனவரியில் முடிவெடுத்து அதைக் கைவிட்டது.

அதே 2015இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா 1842 அந்தச் சுவரைச் சுற்றிப் போக ஒரு வழியைத் திறந்தது. அதன்படி 'புத்தாக்க மாவட்டம்' என்ற தகுதியைப் பெற விரும்பும் மாவட்டம் ஒரு திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். பொது விசாரணை நடத்த வேண்டும். இறுதித் திட்டத்தை 30 நாள் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் அடங்கிய ஆலோசனைக் குழு பெரும்பான்மையாலும், பள்ளி வாரியம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளாலும் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். வாக்காளர்களிடம் போக வேண்டியதில்லை. மாநிலக் கல்வி ஆணையரின் அனுமதியும் தேவையில்லை, தெரிவித்தால் போதும். திட்டம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் செல்லும். தேர்வுகள், தரமதிப்பீடு, பாடத்திட்டம், நிதி போன்றவற்றிலிருந்து விலக்குப் பெற முடியாது. மற்றப் பலவற்றிலிருந்து பெறலாம். இன்று மாநிலத்தின் மிகப் பெரும்பான்மையான மாவட்டங்கள் இந்தத் தகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன.

அவை எடுத்துக்கொண்ட விலக்குகளைப் பாருங்கள். 'புத்தாக்கம்' என்ற பெயருக்கு ஏற்ப ஒவ்வொரு மாவட்டமும் தன் ஊரின் தேவையை ஆராய்ந்து புதிதாக ஏதோ செய்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் மேற்கு டெக்சாஸின் ஒரு சிற்றூர் மாவட்டத்தின் திட்டத்தையும் டாலஸ் புறநகர் ஒன்றின் திட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். பள்ளி திறக்கும் தேதி, ஆசிரியர் சான்றிதழ், வகுப்பின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் ஒப்பந்த நாட்கள்.

பள்ளி திறக்கும் தேதியில் நான் முழுமையாக மாவட்டங்களின் பக்கம். 2006இல் இயற்றப்பட்ட சட்டம், ஆகஸ்ட் மாதத்தின் நான்காம் திங்கட்கிழமைக்கு முன் பள்ளி திறக்கக் கூடாது என்றது. அதன் பின்னால் கல்விச் சிந்தனை பெரிதாக ஏதும் இல்லை. கோடை விடுமுறை நீண்டால் தங்களுக்கு வருமானம் என்று கணக்கிட்ட சுற்றுலாத் துறையினர் அதை வலுவாக ஆதரித்தார்கள். விளைவாக முதல் பருவத்தை கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் முடிக்க முடியாமல் பள்ளிகள் திணறின. விலக்குக் கிடைத்ததும் மாவட்டங்கள் இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டன. இதனால் எந்தக் குழந்தைக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் ஏறத்தாழ எல்லோருமே விலக்குக் கேட்கும் ஒரு விதியைச் சட்டப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊரும் தனித்தனியே குழு அமைத்து, விசாரணை நடத்தி, வாக்கெடுத்து அதிலிருந்து வெளியேறுவது என்ன நிர்வாகம்? அந்த விதியையே நீக்குவதுதானே நேர்வழி? நீக்கினால் சுற்றுலாத் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், நீக்காமல் விட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற கணக்கைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் சான்றிதழ் கதை அப்படிப்பட்டதல்ல. வாகனப் பழுது, வெல்டிங், செவிலியர் பயிற்சி போன்ற தொழிற்பாடங்களுக்கு அந்தத் தொழிலில் அனுபவமுள்ளவரைச் சான்றிதழ் இல்லாமலே அமர்த்திக்கொள்ளலாம் என்பதுதான் தொடக்கத்தில் சொல்லப்பட்ட நியாயம். அது நல்ல நியாயம். ஆனால் கொரோனாவுக்குப் பின் ஆசிரியர் பற்றாக்குறை கடுமையானபோது, அதே விலக்கு தொடக்கப் பள்ளியின் வாசிப்பு, கணித வகுப்புகளுக்கும் நீண்டது. அண்மை ஆண்டுகளில் டெக்சாஸில் புதிதாகப் பணியமர்த்தப்பட்ட ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் சான்றிதழ் இல்லை. இதில் மாவட்டங்களை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. ஒரு மாணவருக்கு மாநிலம் ஒதுக்கும் அடிப்படைத் தொகை 2019இல் 6,160 டாலராக நிர்ணயிக்கப்பட்டு, விலைவாசி ஏறிக்கொண்டே போன ஆண்டுகளிலும் 2025 வரை அப்படியே நின்றது. அப்போதும் 55 டாலர்தான் கூடியது. பணத்தைத் தராத அரசு விதியைத் தளர்த்தியது. நல்ல ஊதியம் கொடுத்துத் தகுதியானவரை அழைக்க முடியாத மாவட்டம், கிடைத்தவரை அமர்த்திக்கொண்டு அதற்குப் புத்தாக்கம் என்று பெயர் வைத்தது.

இதைக்கூட நெருக்கடி என்று ஒப்புக்கொள்வேன். ஒப்புக்கொள்ள முடியாதது வேறொன்று. சான்றிதழ் இல்லாத ஆசிரியர் ஒரு வகுப்பை நீண்ட நாள் நடத்தினால் பெற்றோருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. சில மாவட்டங்கள் தங்கள் திட்டத்தில் இந்தக் கடமையிலிருந்தும் விலக்கு எடுத்துக்கொண்டன. ஊர்மக்களின் கையில் அதிகாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஒரு கருவியை, அதே ஊரின் பெற்றோருக்குத் தகவல் போகாமல் தடுப்பதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2025இல் சட்டமன்றம், முக்கியப் பாடங்களில் சான்றிதழ் இல்லாதவர்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று கடிவாளத்தை மறுபடி இழுத்ததற்கு மாவட்டங்களும் ஒரு காரணம்.

மாநில விதிகள் எல்லாமே அதிகாரிகளின் பிடிவாதத்தில் பிறந்தவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தொடக்க வகுப்புகளில் 22 மாணவர்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு 1984ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் வந்தது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி எழுதப்பட்ட சட்டம் அது. பாடத்தில் தேறாத மாணவர் விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்க முடியாது என்ற விதியும் அதில்தான் வந்தது. கால்பந்தாட்டத்தை வழிபடும் டெக்சாஸில் எந்த ஊர் வாரியமும் தானாக அப்படி ஒரு விதியைப் போட்டிருக்காது. சில காரியங்களைத் தொலைவில் இருப்பவர்தான் செய்ய முடியும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. மாவட்டங்களுக்குச் சுதந்திரம் கொடுத்த அதே மசோதா 1842, ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தரமதிப்பீட்டில் தோற்றால் அந்தப் பள்ளியை மூட வேண்டும் அல்லது மாவட்டத்தின் வாரியத்தையே மாற்ற வேண்டும் என்றும் விதித்தது. ஹூஸ்டனில் வீட்லி உயர்நிலைப் பள்ளியின் தொடர் தோல்வியை முக்கியக் காரணமாகக் காட்டி, நீண்ட வழக்குக்குப் பின் 2023 ஜூனில் மாநிலம் அந்த மாவட்டத்தைக் கைப்பற்றியது. மாநிலத்திலேயே மிகப் பெரிய மாவட்டம் அது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேருக்குப் பதில் ஆணையர் நியமித்தவர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் காலத்தில் ஹூஸ்டன் புத்தாக்க மாவட்டமாக மாறவில்லை. நியமன வாரியம் வந்து சில மாதங்களில், 2023 டிசம்பரில், அந்தத் தகுதியை எடுத்துக்கொண்டது. மாநில விதிகளிலிருந்து விடுபட உள்ளூர் மக்களுக்காக உருவாக்கப்பட்ட சுதந்திரத்தை மாநிலமே நியமித்தவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் இதை உள்ளூர் ஆட்சி என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஃபிரிஸ்கோ, பிளேனோ, கேட்டி போன்ற இடங்களில் பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்து வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சொத்து வரியில் பெரும்பகுதி பள்ளிக்குப் போவதைக் குறித்து நாம் வருந்தும் அளவுக்கு, அந்தப் பணத்தில் யார் பாடம் நடத்துகிறார் என்று கேட்பதில்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வாரியத் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பொது விசாரணையில் பேசக் குடியுரிமை தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ளதைப் பற்றிப் பொதுமக்களைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

உங்கள் மாவட்டத்தின் இணையதளத்தில் அதன் புத்தாக்கத் திட்டத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் சில பக்கங்களே இருக்கும். அது எந்த ஆண்டு காலாவதியாகிறது, சான்றிதழ் விலக்கு எந்தெந்தப் பாடங்களுக்குப் பொருந்தும், பெற்றோருக்குத் தெரிவிக்கும் கடமை அதில் கைவிடப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். கைவிடப்பட்டிருந்தால், திட்டம் அடுத்த முறை புதுப்பிப்புக்கு வரும்போது அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லி வாரியத்தின் முன் பேசுங்கள்.