அப்பா காருக்கு இன்சூரன்ஸ் போடும் பிள்ளைகளுக்கு

வயதானவர் கார் ஓட்டினால் இன்சூரன்ஸ் கூடுதலாகக் கேட்பார்கள் என்று நிறைய வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சொல்லிக் கேட்டதாக இருக்கலாம். அங்கே எழுபதைத் தாண்டினால் பிரீமியம் ஏறுவது வழக்கம்தான். இங்கே நிலைமை வேறு. நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்தை இன்ஜின் அளவை வைத்து மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜிஎஸ்டி தனி. ஓட்டுபவருக்கு 25 வயதா 75 வயதா என்பதற்கு அதில் இடமே இல்லை. நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியமும் பெரும்பாலும் வண்டியின் மதிப்பு, அதன் வயது, பதிவான ஊர் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.

அதனால் நாலு வெப்சைட்டில் விலை ஒப்பிடுவதற்கு முன்னால், அப்பாவின் லைசென்ஸை வாங்கித் தேதியைப் பாருங்கள். பெரியவர்கள் பணத்தை இழப்பது பிரீமியத்தில் இல்லை, அந்த அட்டையில்தான்.

55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்தைந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். டாக்டர் சான்றிதழும் வேண்டும். முன்பு தேதி முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று சட்டத்தில் இருந்தது; 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். "ஒரு வருஷத்துக்குள்ள புதுப்பிச்சா போதும்பா" என்று பெரியவர்கள் சொல்வதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். அது மறுபடி டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் மட்டுமே. வண்டி ஓட்ட அனுமதி இல்லை. புதுப்பித்த லைசென்ஸ் புதுப்பித்த நாளிலிருந்துதான் செல்லும்; இடையில் ஓட்டிய நாளெல்லாம் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய நாள்.

அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் மூன்று பக்கமும் அடி. நம் வண்டி ரிப்பேருக்கு கிளெய்ம் நிராகரிக்கப்படும். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். ஓய்வூதியத்தில் வாழ்கிற மனிதருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப் பாருங்கள். பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி ஓயாமல் மெசேஜ் அனுப்பும் கம்பெனிகள் லைசென்ஸ் தேதியையும் சேர்த்து நினைவூட்டினால் என்ன? இதை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, எந்த பாலிசி எடுப்பது? "அப்பா கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தானே போறார், தேர்டு பார்ட்டி போதும்" என்பதை நான் ஏற்கவில்லை. குறைவாக ஓட்டும் வண்டியும் வெள்ளத்தில் மூழ்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தெருவில் நின்றபடியே எத்தனை கார்கள் தண்ணீருக்குள் போயின! மரம் விழுவதற்கும் திருட்டுக்கும்கூட தேர்டு பார்ட்டியில் ஒரு பைசா வராது. தாழ்வான பகுதியில் வீடு இருந்தால் தேர்டு பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த காம்ப்ரிஹென்சிவ் பாலிசியோடு, இன்ஜின் சேதத்துக்கான இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பையும் சேர்ப்பதை நான் செலவாகவே பார்க்க மாட்டேன். தண்ணீர் வடியும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பொதுவாக அதற்குப் பணம் தர மாட்டார்கள். பதினைந்து வருடத்தை நெருங்கும், விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாத வண்டி என்றால் தேர்டு பார்ட்டியோடு நிறுத்திக்கொள்வதில் நியாயம் உண்டு.

பிரீமியத்தைக் குறைக்க உண்மையான வழி நோ கிளெய்ம் போனஸ்தான். கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் போனால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. நிதானமாக ஓட்டும் பெரியவர்கள் பலரிடம் இது முழுதாக இருக்கிறது. கேட் தூணில் உரசிய கீறலுக்கு மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் கிளெய்ம் செய்தால் அத்தனையும் பூஜ்யம். திரும்ப 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும். சின்ன ரிப்பேரைக் கையிலிருந்து கொடுத்துவிடுவது நல்லது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் ஆறு மாதம் தங்குபவர்களுக்கு இது முக்கியம். 2022லிருந்து ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்றபடி பிரீமியம் கட்டும் வசதிக்கும் அனுமதி உண்டு. குறைவாக ஓட்டுபவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும், ஆனால் ஏஜென்டுகள் தானாக வாய் திறப்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

சொல்லத் தயங்குகிற விஷயம் ஒன்று. அப்பா காலமான பிறகும் கார் அவர் பெயரிலேயே ஓடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அவர் பெயரில் உள்ள பாலிசி அதிகபட்சம் மூன்று மாதம் செல்லும், அதற்குள் பாலிசி முடிந்தால் அதுவரைதான். வண்டி அம்மா பெயருக்கோ பிள்ளைகள் பெயருக்கோ மாறினால் அப்பா சேர்த்த போனஸும் அவர்களுக்கே வரும். துக்கத்தில் பேப்பர் வேலை பார்ப்பது கஷ்டம், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், இரவுப் பயணத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் ஆக்டிங் டிரைவர் வைக்கும் பழக்கம் பெரியவர்களிடம் பரவியிருக்கிறது, நல்லதுதான். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான காப்பு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு வருடத்துக்குச் சுமார் 50 ரூபாய்தான். இல்லையென்றால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது சேர்க்கச் சொல்லுங்கள்; அந்த மனிதருக்கும் குடும்பம் இருக்கிறது.