யாருடைய வழக்கத்துக்கு மாறானது?

எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். "வழக்கத்துக்கு மாறான அசைவ உணவுகளைக் கொண்டுவருவதைத் தவிர்க்கவும்." பேர் எதுவும் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்தத் தளத்தில் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் அது யாருக்காக ஒட்டியது என்று தெரியும். எனக்காக ஒட்டியது.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில் எலிக்கறி வறுவல் கொடுத்துவிட்டார். வயல் எலி. எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். சம்பா அறுப்புச் சமயத்தில் அப்பா பிடித்துவருவார். வைக்கோல் தீயில் முடியைப் பொசுக்கி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, குடலை எடுத்துவிட்டு, மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டு, எலும்பு முறுகும் வரை அம்மா வறுப்பார். அதன் ருசி எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கில் இருக்கிறது. மறுநாள் மதியம் டப்பாவைத் திறந்தேன்.

"என்ன ப்ரோ, காடையா? வாசனை தூக்குதே" என்று பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார். அவர் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டேன், "இல்ல ப்ரோ, வயல் எலி" என்று. நீட்டிய கை அப்படியே நின்றது. எதிரே இருந்தவர் "சீ" என்றார். ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். அவர் தட்டில் இருந்தது பொரித்த கோழிக்கால். இன்னொருவர் என் முகத்தைப் பார்த்து, "பாவம் இல்லையா அதெல்லாம்? எப்படி மனசு வருது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பிரியாணிக்குள் துண்டைத் தேடினார்.

அடுத்த நாள் நிர்வாகத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள், "தப்பா எடுத்துக்காதீங்க, சிலருக்கு அருவருப்பா இருக்காம்" என்று. அதற்கடுத்த நாள் தாள் ஒட்டியாயிற்று.

இதே அறையில் திங்கட்கிழமைதோறும் யாராவது ஆட்டு ரத்தப் பொரியல் கொண்டுவருகிறார்கள். குடல் குழம்பு வருகிறது, மூளை வறுவல் வருகிறது, கருவாட்டுத் தொக்கு வருகிறது. மைக்ரோவேவில் கருவாடு சூடானால் லிஃப்ட் வரை தெரியும். நண்டின் காலைக் கடித்து உறிஞ்சுகிறார்கள். ஆற்றுச் சேற்றிலும் கடலடியிலும் கிடைப்பதையெல்லாம் மேய்கிற நண்டு "சீஃபுட்", என் அப்பா வயலில் பிடிக்கிற, நெல்லைத் தின்று கொழுத்த எலி மட்டும் அசிங்கமா?

அருவருப்பு என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். அது அவரவர் வளர்ந்த விதம். எனக்கும் வாய்க்குள் போகாத சாப்பாடு உண்டு. ஆனால் "பாவம்" என்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாவ புண்ணியம் பேசுவதானால் வாருங்கள், முழுசாகவே பேசுவோம்.

கோழிக்கடையில் நின்று என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறேன். கூண்டிலிருந்து ஒன்றை இறக்கையைப் பிடித்து இழுத்து, தராசில் வைத்து, கழுத்தை அறுத்து, நீல டிரம்முக்குள் போட்டு மூடுகிறார்கள். உள்ளே தடதடவென்று சத்தம் கேட்கும். மேலே கூண்டில் இருக்கிற மற்ற கோழிகளுக்கும் அது கேட்கும். சத்தம் நின்றபிறகு எடுத்து உரிக்கிறார்கள். வரிசையில் நிற்கிற நாம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அந்தக் கோழியின் ஆயுசே நாற்பது நாள் சொச்சம். தன் எடையைத் தன் காலே தாங்காத அளவுக்கு இரண்டு கிலோ ஊத வைத்திருப்பார்கள். முட்டைக்கோழி கதை இன்னும் மோசம். நாமக்கல் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், ஒரு ஏ4 தாள் அளவுகூட இடமில்லாத கம்பிக்கூண்டில் ஒன்றரை வருஷம் நிற்கிறது அது, ஒரு தடவை இறக்கையை விரித்ததில்லை. அந்த இனத்தில் பொரிக்கிற சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் ஆகாது என்று பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். தினமும் காலையில் ஆம்லெட் சாப்பிடுகிறவர் என்னிடம் "மனசு எப்படி வருது" என்கிறார்.

என் அப்பா மூங்கில் கிட்டி வைக்கிறவர். தஞ்சாவூர்க் கிட்டி என்பார்கள். மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டி, சாயங்காலம் இரை வைத்து வரப்போரம் ஊன்றிவிட்டு வந்தால், விடியற்காலையில் எடுக்கலாம். எலி வாய் வைத்ததும் கிட்டி கழுத்தில் இறங்கும், அதோடு சரி. அதுவரைக்கும் அந்த எலி தன் இஷ்டத்துக்கு ஓடியாடித் திரிந்திருக்கும், வளையில் குட்டி போட்டிருக்கும். நிலத்துக்காரர் எலியை எண்ணிக் காசு கொடுப்பார். ஏன் கொடுக்கிறார்? எலி இருந்தால் நெல் வீடு வந்து சேராது. பால் பிடிக்கிற பயிரை அடியிலேயே கடித்துப் போட்டுவிடும். வளையைத் தோண்டினால் கதிர்கதிராகச் சேர்த்து வைத்திருக்கும், படிக்கணக்கில் நெல் கிடைக்கும்.

இதைத்தான் அந்த அறையில் யாருக்கும் நான் புரியவைக்க முடியவில்லை. நீங்கள் சாப்பிடுகிற தயிர் சாதத்துக்குப் பின்னாலும் செத்த எலி இருக்கிறது. சைவமோ அசைவமோ, சோறு தின்கிற யாரும் அதிலிருந்து தப்ப முடியாது. கிட்டி வைக்க ஆள் கிடைக்காத ஊரில் மருந்து வைக்கிறார்கள். ப்ரோமாடியோலோன் என்கிற அந்த எலி விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது. உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து நாலைந்து நாள் தவித்துச் சாகும். அதைத் தூக்கிப் போகிற ஆந்தைக்கும் விஷம் ஏறும். இது யாருக்கும் பாவமாகத் தெரியவில்லை. எப்படியும் சாகப்போகிற எலியை வீணாக்காமல் சமைத்துத் தின்கிற எங்கள் வீடுதான் பாவம் செய்கிற வீடு.

ஒருவரை மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் டீமில் ஒரு பெண், பால்கூடத் தொடாதவர். அன்றைக்கு அவர் எழுந்து போகவில்லை. மெதுவாகக் கேட்டார், "அதுக்கும் வலிக்கும்தானே?" என்று. வலிக்கும் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர் கேள்விக்கு நான் கடமைப்பட்டவன், இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்கலாம். கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் கேட்கக் கூடாது.

உடனே நோய் என்று ஒரு பேச்சு வரும். எலிக் காய்ச்சல் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் பரவுகிறது. பிடிக்கிறவரும் சுத்தம் செய்கிறவரும்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கையில் காயம் இருந்தால் அப்பா தொடமாட்டார், மருந்து வைத்த வயலில் கால் வைக்கமாட்டார். நன்றாக வெந்த கறியால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. கோழிக்கு வளர்ச்சிக்காகப் போட்ட கொலிஸ்டின் என்கிற ஆன்டிபயாடிக் மருந்தை 2019-ல் மத்திய அரசே தடை செய்யவேண்டி வந்ததே, அப்போது யார் எந்தச் சுவரில் தாள் ஒட்டினார்கள்?

2018 நவம்பரில் எழும்பூர் ஸ்டேஷனில் ஜோத்பூரிலிருந்து வந்த இறைச்சியைப் பிடித்தார்கள், இரண்டாயிரம் கிலோவுக்கு மேல். வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்று ஊரெல்லாம் பேச்சு. கடைசியில் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பரிசோதனையில் ஆட்டுக்கறி என்று வந்தது. அதற்குள் கையேந்திபவன் பிரியாணிக்காரர்களின் வியாபாரம் படுத்துவிட்டது. 2022-ல் ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று அறிவித்துவிட்டு, அந்த ஊரில் தினமும் விற்கிற மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். எங்கே பார்த்தாலும் கேள்வி கறியைப் பற்றியது இல்லை, அதைத் தின்கிற ஆளைப் பற்றியது. எனக்கும் அதுதான் நடந்தது. "வயல் எலி" என்று நான் சொன்ன அரைமணி நேரத்தில் ஒருவர் வந்து கேட்டார், "நீங்க என்ன ஆளுங்க, ப்ரோ?" என்று. ஆறு வருஷமாக ஒரே டீமில் இருக்கிறோம். அதுவரை அவர் அதைக் கேட்டதில்லை.

புற்றீசலை மோரில் போட்டுச் சமைத்ததைப் பாரியின் நாட்டுப் பெருமையாகக் கபிலர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. அதைப் படித்துத்தான் நாம் பரீட்சை எழுதினோம். அதே ஈசலை மழைக்கு அப்புறம் விளக்கு வைத்துப் பிடித்து, அரிசியோடு வறுத்து மடியில் கட்டி வந்த பையனை விடுதியில் என்ன பேர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் நான்தான். அப்புறம் பன்னிரண்டாவது முடிகிற வரைக்கும் வீட்டிலிருந்து எதையும் எடுத்து வந்ததில்லை. அம்மா கேட்டால், "விடுதிச் சாப்பாடே நல்லா இருக்கும்மா" என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். நிர்வாகத்துக்கு மெயில் போட்டிருக்கிறேன். "வழக்கத்துக்கு மாறான" என்றால் யாருடைய வழக்கத்துக்கு என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். மூன்று நாளாயிற்று, பதில் இல்லை. நேற்று ராத்திரி அப்பா போனில், "இன்னும் நாலு மா நிலம் அறுப்பு பாக்கி இருக்குப்பா, கொடுத்து விடவா?" என்றார். கொடுத்து விடுங்க என்றேன், கொஞ்சம் கூடவே வைக்கச் சொன்னேன்.