சாப்பிடுகிறவரின் முகத்தைக் காட்டுங்கள்

விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தில், புதிதாகக் கிடைத்த வேலைக்கு அவசியமான சைக்கிள் திருட்டுப்போக, அதைத் தேடி ரோம் நகரத் தெருக்களில் அலைந்து களைத்த தந்தை, ஆத்திரத்தில் மகனை அறைந்துவிடுகிறார். பிறகு அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமல், கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தை நம்பி அவனை ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போகிறார். சிறுவன் புரூனோவின் முன்னால் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த ரொட்டி வந்து நிற்கிறது. கத்தியும் முள்கரண்டியும் அவனுக்குப் பழக்கமில்லை. பக்கத்து மேசையில் ஒரு பணக்காரக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுப் பையன் திரும்பித் திரும்பி இவனைப் பார்க்கிறான். புரூனோ கையாலேயே ரொட்டியை எடுத்துக் கடித்து இழுக்க, உருகிய பாலாடைக்கட்டி நூலாக நீள்கிறது. அந்த ஒரு நொடியில் அவன் முகத்தில் வரும் மகிழ்ச்சி முழுமையானது. ஆனால் தந்தையால் அந்த மகிழ்ச்சிக்குள் நெடுநேரம் இருக்க முடிவதில்லை. அந்தக் குடும்பத்தைப்போலச் சாப்பிட வேண்டுமானால் மாதம் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று பேசத் தொடங்கி, கிடைத்த வேலை நிலைத்திருந்தால் வந்திருக்கக்கூடிய சம்பளத்தை மகனையே எழுதிக் கூட்டச் சொல்கிறார். மகன் வாயில் ரொட்டியோடு கணக்குப் போடுகிறான்.

அந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ரொட்டி எந்த நிறத்தில் பொரிந்திருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. படமே கறுப்பு வெள்ளை. தந்தையின் முகம் மாறும்போது மகன் மெல்லுவதன் வேகம் மாறுவது மட்டும் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது.

இப்போது வரும் படங்களில் சமையலும் சாப்பாடும் முன்னெப்போதையும்விட அதிகமாகவே காட்டப்படுகின்றன. ஆவி பறக்கும் பாத்திரம், நேர்மேலிருந்து எடுத்த தட்டு, பலகையில் காய் நறுக்கும் ஓசை, மெல்ல வழியும் சாறு என்று எல்லாம் விளம்பரப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல இருக்கின்றன. பார்க்கும்போது நாக்கில் நீர் ஊறுகிறது; மறுநாள் காலையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, யார், எந்த நிலையில், யாருக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதே ஓர் உணவுக் காட்சியை நினைவில் நிறுத்துகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் கேமராவைத் தட்டிலிருந்து முகத்துக்குத் திருப்பச் சொல்கிறேன்.

இதில் நடிகர்களுக்கு உள்ள சிரமத்தையும் சொல்ல வேண்டும். ஒரே காட்சியைப் பல கோணங்களில் பல டேக்குகளாகத் திரும்பத் திரும்பப் படம்பிடிக்கும்போது, ஒவ்வொரு முறையும் தட்டு பழைய அளவுக்கு நிரம்பியிருக்க வேண்டும்; எந்த வசனத்தில் கை வாய்க்குப் போனதோ அதே வசனத்தில் மறுபடியும் போக வேண்டும்; இல்லையென்றால் ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் பொருந்தும் தொடர்ச்சி, அதாவது கன்டினியூட்டி, கெட்டுவிடும். ஒவ்வொரு டேக்கிலும் உண்மையாகவே விழுங்கினால் வயிறு தாங்காது என்பதால், ‘கட்’ சொன்னதும் துப்புவதற்கு அருகில் ஒரு வாளி வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. மெல்லும் ஓசையைக்கூடப் பெரும்பாலும் படத்துக்கான ஓசைகளைத் தனியே உருவாக்கும் ஃபோலி கலைஞர்கள் பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் சேர்க்கிறார்கள். எனவே வசனம் முடியும்வரை உணவைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்கும் நடிகரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் திரையில் ஒருவர் பொய்யாக இறந்தால் நாம் நம்பிவிடுகிறோம், ஏனென்றால் நம்மில் யாரும் இறந்து பார்த்தவர்கள் இல்லை. பொய்யாகச் சாப்பிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு நான் பார்த்த மிகச் சிறந்த விடை, ஸ்டான்லி டூச்சியும் கேம்ப்பெல் ஸ்காட்டும் இணைந்து இயக்கிய ‘பிக் நைட்’ (1996) படத்தின் கடைசிக் காட்சி. நொடித்துக்கொண்டிருக்கும் உணவகத்தை நடத்தும் இரண்டு சகோதரர்கள், வராமலே போகும் ஒரு பிரபலப் பாடகருக்காக, இருப்பதையெல்லாம் செலவழித்துப் பெரிய விருந்து சமைக்கிறார்கள். அது முடிந்த இரவில் இருவருக்கும் கடும் சண்டை மூளுகிறது. விடிந்ததும் தம்பி சமையலறைக்கு வந்து முட்டைகளை உடைத்துக் கலக்கி, அடுப்பிலுள்ள வாணலியில் ஊற்றுகிறான். உதவியாளனுக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு பங்கு. அண்ணன் உள்ளே வருகிறான். அவனுக்கும் ஒரு பங்கு வைக்கப்படுகிறது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை வருகிறது. ஏறத்தாழ 5 நிமிடம் நீளும் இக்காட்சி பெரும்பாலும் ஒரே ஷாட். பேச்சு அநேகமாக இல்லை. கேமரா வெட்டாமல் நிற்பதால் நடிகர் உண்மையாகவே சமைத்தாக வேண்டும், முட்டை வேகும்வரை காத்திருந்தாக வேண்டும், உண்மையாகவே தின்றாக வேண்டும். அதே படத்தில் கண்ணைப் பறிக்கும் விருந்தொன்றும் விரிவாகக் காட்டப்படுகிறது. நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அந்த முட்டையைத்தான்.

சாப்ளின் இதை மௌனப் படக் காலத்திலேயே அறிந்திருந்தார். ‘தி கோல்ட் ரஷ்’ (1925) படத்தில் பனியில் சிக்கிய இருவர் பசி தாங்காமல் ஒரு காலணியை வேகவைத்துத் தின்கிறார்கள். படப்பிடிப்பில் அந்தக் காலணி அதிமதுர மிட்டாயால் செய்யப்பட்டது. சாப்ளின் காலணிக் கயிற்றை முள்கரண்டியில் சுருட்டி வாயிலிட்டு, ஆணிகளை எலும்பைச் சப்புவதுபோலச் சப்பி, ஒரு கனவானின் நிதானத்தோடு உண்கிறார். எதிரே இருப்பவரோ அதை விழுங்கத் திணறுகிறார். தட்டில் உணவே இல்லாத ஓர் உணவுக் காட்சி அது. நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

அப்படியானால் ஆடம்பரமான விருந்தைக் காட்டவே கூடாதா என்று கேட்கலாம். கேப்ரியல் ஆக்செல் இயக்கி, ஆஸ்கர் விருதும் பெற்ற டென்மார்க் படம் ‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’ (1987) அதற்குப் பதில். ஆமை சூப், காடை, பழைய ஒயின்கள் என்று விருந்து நீள்கிறது. அதை உண்பவர்களோ உலக இன்பங்களை விலக்கி வாழும் ஒரு சிறு கிராமத்துச் சபையினர். உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்த தளபதி ஒருவர் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் வியந்து பேசுகிறார். அவருக்கு மற்றவர்கள் தொடர்பே இல்லாத பதில்களைச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த முதிய முகங்கள் ஒவ்வொன்றாக இளகுகின்றன, பழைய பகைகள் கரைகின்றன. அத்தனை பதார்த்தங்களும் அந்த முகங்களுக்காகவே சமைக்கப்படுகின்றன.

ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) அனிமேஷன் படத்தில், பன்றிகளாக மாறிவிட்ட பெற்றோரைப் பார்த்துவிட்டு வரும் சிறுமி சிஹிரோவுக்கு, அவளுக்கு உதவும் சிறுவன் ஹாகு ஒரு சோற்று உருண்டையைக் கொடுக்கிறான். அதுவரை அழாதிருந்தவள், இரண்டு வாய் தின்றதும் உடைந்து அழுகிறாள், அழுதுகொண்டே தின்கிறாள். துக்கத்தை அடக்கிவைத்திருந்து, யாரோ தட்டில் சோறு போட்டபோது அழுதவர்கள் எல்லோருக்கும் அந்தக் காட்சி புரியும். வரைந்த ஓவியம் இத்தனை உண்மையாகச் சாப்பிடுவதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். யசுஜிரோ ஓசுவின் 1952ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், மனத்தால் விலகிப்போன கணவனும் மனைவியும் நள்ளிரவில் வேலைக்காரியை எழுப்பாமல், தங்களுக்கே பழக்கமில்லாத சொந்தச் சமையலறையில் பாத்திரங்களைத் தேடி எடுத்து, சோற்றில் தேநீர் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கணவன் உண்ணும் முறையை அதுவரை இகழ்ந்தவள் அந்த மனைவி.

கடைசியாக, பேலா டார் இயக்கிய ‘தி டுரின் ஹார்ஸ்’ (2011). வெளியே ஓயாத காற்று. வீட்டுக்குள் ஒரு கை செயலிழந்த தந்தையும் மகளும். நாள்தோறும் ஆளுக்கு ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கு. வேறெதுவும் இல்லை. முதல் நாள் கேமரா தந்தையைப் பார்க்கிறது: சூடு ஆறும்வரை பொறுக்காமல் ஒற்றைக் கையால் தோலைப் பிய்த்து, ஊதி ஊதி, உப்புத் தொட்டு அவசரமாக விழுங்குகிறார். மறுநாள் அதே உணவில் மகளைப் பார்க்கிறோம். அவள் சிறிது சிறிதாகப் பிட்டுத் தின்கிறாள். ஒரே கிழங்கை இருவர் உண்ணும் விதத்திலேயே இரண்டு வாழ்க்கைகளும் தெரிந்துவிடுகின்றன. சலிப்பூட்டுகிறது என்று பாதியில் எழுந்து போகிறவர்களிடம், தயவுசெய்து ஆறாம் நாள்வரை இருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். அன்று நெருப்பும் அணைந்துவிட்டது, விளக்கும் எரியவில்லை. இருட்டில் இருவர் முன்னாலும் பச்சைக் கிழங்கு இருக்கிறது. சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறார் தந்தை. மகள் தட்டைத் தொடவில்லை.