எலுமிச்சையும் சோடா மாவும் முகக் கருமையைப் போக்குமா?

“சூரமங்கலம் உழவர் சந்தையில் எலுமிச்சை வாங்குங்கள், சமையல் சோடா சேர்த்து முகத்தில் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். கருமை போகும், பார்லர் செலவு மிச்சம்.” சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு கழன்று வருகிறது என்கிறார்கள். அது புளிப்பும் சோடாவும் சேரும்போது வெளியேறும் கரியமில வாயு, அவ்வளவுதான். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு (புளிப்புத் தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சுமார் 2; நம் தோலுக்கோ ஏறக்குறைய 5. சோடா 8-க்கு மேல். எது மிஞ்சினாலும் தோல் எரியும், வறண்டு போகும்.

பெரிய ஆபத்து அந்த வெயில்தான். எலுமிச்சையில், குறிப்பாகப் பழத்தின் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது, ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம் வரும். அப்புறம் கருந்திட்டு, மாதக்கணக்கில் மறையாது. கருமையைப் போக்கப் போய்க் கருமையை வாங்கி வருவது எவ்வளவு வேதனை! ஏற்காட்டுக் குளிரிலும் இதே கதைதான், குளிர் புற ஊதாக் கதிரைத் தடுக்காது.

ஏற்கெனவே தடவியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, சில நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் பாருங்கள். கொப்புளம் வந்தால் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிக்கனம் வேண்டுமா? பச்சைப்பயறு மாவைத் தண்ணீரில் குழைத்துக் கழுவலாம், வெளியே குடை பிடிக்கலாம். எலுமிச்சை ஊறுகாய்க்கு இருக்கட்டும்.